பள்ளிக்கூடத்து 'வீடு'கள்

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. குடியிருக்கும் மனை ஒன்று. பற்றுகளை விட்ட உயிர் அடையும் பேறு மற்றொன்று. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் நான்காவதாக நிற்பது இந்த இரண்டாவது வீடு. மலேசியாவிலும் இலங்கையிலும் பள்ளிக்கூடம் சென்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கோ மூன்றாவது வீடு ஒன்றும் தெரியும். அதற்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, அடுப்பும் இல்லை.

வட பேராக்கின் கிரியான் மாவட்டத்தில் உள்ள பாகான் செராய்ப் பட்டணத்தில், பள்ளி விளையாட்டு விழா நடக்கும் நாளில் திடலுக்குப் போகிறவர்கள் இந்த மூன்றாவது வீட்டைக் கண்ணால் காணலாம். திடலோரத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று கூடாரங்கள் நிற்கும். ஒவ்வொரு கூடாரத்துக்கும் தோரணம், கொடி, அணிவகுப்பு, கூச்சல் எல்லாம் தனித்தனி. அங்கே ஒரு சிறுவனை நிறுத்தி, "நீ எந்த வீடு?" என்று கேட்டால், தகப்பனார் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ சொல்லமாட்டான், "நீலம்" என்பான். மலாய் மொழியில் இதற்கு 'ரூமா சுக்கான்' என்று பெயர். விளையாட்டு வீடு என்பது நேர்ப்பொருள். இலங்கைத் தமிழர் இதனை 'இல்லம்' என்று அழகாகவே வழங்குகின்றனர்; 'இல்ல மெய்வல்லுநர் போட்டி' என்ற தலைப்பு யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் அடிக்கடி காணப்படும். தமிழ்நாட்டில் 'ஹவுஸ்' என்ற ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட்டது.

நான்கு நிறங்களாகப் பிரிந்து ஓடுவதற்கு 'அணி' என்ற சொல் போதுமே. 'வீடு' என்று ஏன் சொல்லவேண்டும்? காரணம் எளியது. அது ஒரு காலத்தில் மெய்யாகவே வீடாக இருந்தது. பிள்ளை படுத்துறங்கி, உண்டு, நோயுற்றால் கஞ்சி குடித்த வீடு அது. விடுதிப் பள்ளிகளில் பிறந்த அந்த ஏற்பாடு, விடுதியே இல்லாத பள்ளிகளுக்கும் பரவியபொழுது, பெயர் மட்டும் கூடவே வந்தது. கத்தோலிக்க விடுதிப் பள்ளிகள் இதனை ஏற்றுக்கொண்ட கதை தனிச் சுவையுடையது. அவர்களிடம் ஏற்கெனவே வேறொரு முறை இருந்தது. அது பல வகையிலும் இதற்கு நேர்மாறானது.

வாடகை வீட்டில் பிறந்த முறை

இங்கிலாந்தின் விஞ்செஸ்டர் பள்ளி 1382ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கே 70 ஏழை மாணாக்கர் அறை அறையாகத் தங்கிப் படித்தனர். ஒவ்வோர் அறையிலும் வயதிலும் விவேகத்திலும் மூத்த மூவர் மற்றவர்களைக் கவனித்துக்கொள்ளவேண்டும் என்று பள்ளியின் விதிகளே கூறின. 'சட்டாம்பிள்ளை' என்று திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தமிழர் அறிந்த பதவி இதற்கு உறவுதான். ஆயினும் திண்ணைச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் பொழுது சாய்ந்தால் முடிந்துவிடும். விஞ்செஸ்டரில் அது இரவிலும் தொடர்ந்தது.

1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவிய ஈட்டன் பள்ளியிலும் மன்னரின் செலவில் படித்தவர் 70 பேரே. ஆனால் பள்ளியின் புகழ் வளர வளர, காசு கொடுத்துப் படிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வந்து குவிந்தனர். இவர்களுக்குப் பள்ளிக்குள்ளே இடம் இல்லை. ஊருக்குள் சில சீமாட்டிகள் வாடகைக்கு இடம் கொடுத்துச் சோறும் போட்டனர். 'டேம்' என்று அழைக்கப்பட்ட அந்த அம்மையார்கள் நடத்திய தங்குமிடங்களே பிற்காலத்து 'ஹவுஸ்'களின் மூலம். ஆகவே உலகமெங்கும் பரவிய இந்த முறையை எந்தக் கல்வி ஞானியும் உட்கார்ந்து சிந்தித்து வகுக்கவில்லை. இட நெருக்கடியும் வாடகைப் பணமும் சேர்ந்து பெற்றெடுத்த பிள்ளை அது. ஈட்டனின் கடைசி 'டேம்' ஜேன் எவன்ஸ் அம்மையார் 1906இல்தான் காலமானார். இன்று அங்கே காசு கொடுத்துப் படிப்போருக்கு 24 வீடுகளும், மன்னர் மாணாக்கருக்கு ஒன்றுமாக 25 வீடுகள் உள்ளன.

இந்த வாடகை ஏற்பாட்டுக்கு ஒரு தத்துவத்தை ஏற்றியவர் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1842 வரை இருந்த தாமஸ் ஆர்னால்டு. அவர் வாடகை வீட்டுக்காரரை விலக்கி, ஆசிரியர்களையே வீட்டுக்குத் தலைவர்களாக்கினார். மேல்வகுப்பு மாணவர்களின் கையில் கீழ்வகுப்பாரை ஆளும் பொறுப்பைக் கொடுத்தார். அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்ற நவீனம் அந்த வாழ்க்கையை ஆங்கிலம் வழங்கிய நாடுகளெங்கும் பரப்பியது.

இம்முறையின் உயிர்நாடி, ஒரே வீட்டில் எல்லா வயதினரும் கலந்திருப்பது. 13 வயதுச் சிறுவனும் 18 வயது வாலிபனும் ஒரே கூரையின் கீழ் வாழ்வர். பெரியவன் சின்னவனைக் காப்பான் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் சின்னவன் பெரியவனுக்குச் செருப்புத் துடைத்தான், தேநீர் காய்ச்சினான், ரொட்டி வாட்டினான், தவறினால் அடியும் வாங்கினான். இந்த ஏவல் வேலைக்கு ஆங்கிலப் பள்ளிகளில் தனிப் பெயரே இருந்தது. 1970களுக்குப் பின்னரே அது பெரும்பாலும் மறைந்தது. காப்பதற்கென்று கொடுத்த கோல் அடிப்பதற்கும் பயன்பட்டது என்பதை மறைப்பதில் பயனில்லை.

பாதிரிமார் கண்ட வேறு வழி

கத்தோலிக்கப் பள்ளிகளின் வழி இதுவன்று. இங்கிலாந்தில் கத்தோலிக்கக் கல்வி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், சேசுசபையார் 1593இல் கடல் கடந்து சென்று செந்தோமேர் என்ற ஊரில் ஆங்கிலக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினர். அது பல இடங்கள் மாறி 1794இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஸ்டோனிஹர்ஸ்ட் மாளிகையில் வந்து அமர்ந்தது. அங்கே பிள்ளைகளைப் பிரித்தது வயதுப்படி. ஒரே வயதினர் ஒன்றாக உறங்கி, ஒன்றாக விளையாடி, ஒன்றாகப் படித்தனர். பெரியவரும் சிறியவரும் கலப்பதில்லை. மேற்பார்வை மூத்த மாணவனிடம் இல்லை, குருவானவரிடம் இருந்தது. பிரெஞ்சு நாட்டு விடுதிகளிலும் பெரியோர், நடுவோர், சிறியோர் என்று இதே பிரிவினைதான். பிள்ளைகளைக் கண்காணிப்பில்லாமல் ஒருபொழுதும் விடலாகாது என்பது அவர்களுடைய முதல் விதி. நீண்ட படுக்கைக் கூடத்தின் ஓரத்தில் திரை போட்ட ஒரு சிறு அறை. அதற்குள் ஒரு பிரதரோ சுவாமியாரோ படுத்திருப்பார். மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் பழைய விடுதிகளில் படித்தவர்களுக்கு அந்தத் திரை மறந்திருக்காது.

அப்படியானால் போட்டிக்கு என்ன வழி? இங்கேதான் சேசுசபையாரின் சாதுரியம் விளங்குகிறது. 1599இல் அவர்கள் வெளியிட்ட கல்வி ஒழுங்கு நூல், வகுப்புக்குள்ளேயே மாணாக்கரைப் போட்டியிடச் செய்யும் வழிகளைக் கூறுகிறது. வகுப்பு இரண்டு பாசறைகளாகப் பிரியும். ஒன்று ரோமாபுரி, மற்றொன்று கார்த்தேஜ். ஒவ்வொரு மாணவனுக்கும் எதிர்ப்பாசறையில் ஒரு போட்டியாளன் உண்டு. அவன் இலக்கணப் பிழை விட்டால் இவன் எழுந்து திருத்தவேண்டும். திருத்தினால் தன் பாசறைக்கு வெற்றி. பத்துப் பேருக்கு ஒரு தலைவன். படை, பாசறை, தலைவன் என்று எல்லாமே போர்ச் சொற்கள். போர் நடந்ததோ லத்தீன் வினைச்சொற்களின் மேல்.

ஆக, ஐரோப்பாவில் இரண்டு மரபுகள் இருந்தன. ஒன்றில் பிள்ளை ஒரு வீட்டில் வாழ்ந்தான். போட்டி அதன் பின்னால் வந்தது. மற்றொன்றில் பிள்ளை ஒரு பாசறையில் போட்டியிட்டான். வாழ்க்கை வேறிடத்தில் நடந்தது. ஸ்டோனிஹர்ஸ்டில் இந்த இரண்டாவது மரபு நன்றாகவே புலப்படும். வாழ்வது வயதுப்படி, விளையாட்டுக்கும் பரிசுக்கும் மட்டும் காம்பியன், செந்தோமேர், ஷேர்பர்ன், வெல்டு என்ற நான்கு 'வரிசை'கள். அந்தப் பள்ளிக்காரர் அவற்றுக்கு 'வீடு' என்று பெயரிடவில்லை. சொல்லின் பொருளில் அவர்களுக்கு இருந்த கண்டிப்பு மெச்சத்தக்கது. ஆங்கிலக் கத்தோலிக்கரிலும் சிலர் பின்னர் ஆர்னால்டின் வழிக்கு வந்தனர். பெனடிக்ட் சபைத் துறவியர் நடத்திய ஆம்பிள்போர்த் பள்ளி 1926இல் வீட்டு முறையை ஏற்று, அர்ச். கத்பர்ட், அர்ச். எய்டன், அர்ச். ஆஸ்வால்டு, அர்ச். பீடு என்று வட இங்கிலாந்துப் புனிதர்களின் பெயர்களை வீடுகளுக்குச் சூட்டியது. பாசறைக்குத் தளபதி தேவை. வீட்டுக்குப் பாதுகாவலர் தேவை என்று கருதினர் போலும்.

மூன்றாவதாக ஒரு மரபும் உண்டு. மலாயாத் தமிழரைப் பொறுத்தவரை அதுவே முக்கியமானது. அர்ச். ஜான் பாப்டிஸ்ட் தெ லாசால் (1651-1719) என்ற பிரெஞ்சுக் குரு ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று பள்ளிகளைத் திறந்து, குருப்பட்டம் பெறாத சகோதரர்களைக் கொண்டு அவற்றை நடத்தினார். அவருடைய பள்ளி நடைமுறை நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1720இல் அவிஞோன் நகரில் அச்சாயிற்று. பெரும்பாலும் அன்றாடம் வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது அது. அதில் மாணாக்கருக்கு வகுக்கப்பட்ட பதவிகளின் பட்டியல் வியப்பூட்டுவது: செபம் சொல்பவன், தீர்த்தம் வைத்திருப்பவன், மணியடிப்பவன், காகிதம் பங்கிடுபவன், கூட்டுபவன், திறவுகோல் காப்பவன். இவர்களோடு, பள்ளிக்கு வராதவர்களைச் சென்று பார்ப்பவன் என்றும் ஒருவன். நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இதற்கெனத் தனி மாணவர் நியமிக்கப்பட்டனர். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய், நோயா, வேலையா, சோம்பலா என்று அறிந்து வந்து ஆசிரியரிடம் சொல்வது அவர்கள் கடமை. இந்தப் பதவியில் வெற்றி தோல்வி இல்லை, கோப்பையும் இல்லை.

கிரியானுக்கு வந்த வழி

பாகான் என்பது படகுத் துறை. செராய் என்பது எலுமிச்சம்புல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரம் கரும்புக்குப் பேர் பெற்றிருந்தது; குலா முதலிய தோட்டங்களில் தமிழர் கரும்பு வெட்டினர். 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் முடிந்து கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் வேலை செய்யத் தொடங்கிய பின் அது நெல் நாடாயிற்று. கரும்பு மறைந்த இடத்தில் ரப்பர் வந்தது. அதற்கு முன்பே, 1880களில், பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த ரெனே ஃபே சுவாமியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பாகான் செராயில் குடியேற்றி, நிலத்தில் நிலைபெறச் செய்ய முயன்றார். கங்காணியின் கீழ்க் கூலிகளாக வந்தவர் பலர் இருந்த காலத்தில், குடியானவராக வந்த தமிழர் இவர்கள். ஃபே சுவாமியார் பின்னர் 1896 முதல் 1904 வரை மலாக்கா மேற்றிராணியாராக விளங்கினார்.

இத்தகைய குடியேற்றத்திலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கிடைத்தது. ஆங்கிலப் படிப்பு கிடைப்பது அரிது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரை பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று முதலாளிமாரைக் கட்டாயப்படுத்தியது. அந்தப் பள்ளி சில வகுப்புகளோடு நின்றுவிடும். கிராணி வேலைக்கோ, ரயில்வே வேலைக்கோ, ஆசிரியர் வேலைக்கோ போக விரும்பினால் ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் பட்டணம் போகவேண்டும். 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயில் பாதை இணைந்த பின் அந்தப் பயணம் எளிதாயிற்று. தெற்கே தைப்பிங், அங்கே 1899இல் தொடங்கிய கன்னிமடத்துப் பள்ளியும், 1915இல் தொடங்கிய அர்ச். ஜார்ஜ் பள்ளியும் இருந்தன. ஈப்போவில் 1912இல் லாசால் சகோதரர்கள் ஏற்ற அர்ச். மிக்கேல் பள்ளி. வடக்கே பினாங்கில் 1852 முதல் அதே சகோதரர்கள் நடத்திய அர்ச். சவேரியார் பள்ளி, அதே ஆண்டில் வந்த குழந்தை சேசு சபைக் கன்னியர் நிறுவிய லைட் தெருக் கன்னிமடம். பினாங்குப் பள்ளிகள் இரண்டிலும் விடுதி இருந்தது.

லயன் வீட்டிலிருந்து அத்தகைய விடுதிக்குள் நுழையும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் அவனுடைய விலாசம் தெளிவு: எந்தக் கங்காணியின் ஆள், எந்த ஊர், எந்தச் சாதி, எத்தனையாவது லயன். கங்காணி அழைத்து வந்த கூட்டம் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கும். ஊரின் தெருப்பிரிவினை பல தோட்டங்களில் லயன் வரிசைகளிலும் வந்து அமர்ந்துவிட்டிருந்தது. கன்னிமடங்களிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. கட்டணம் கட்டும் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தாலும் பந்தியும் படுக்கையும் வேறு வேறாக இருந்த காலம் உண்டு.

இத்தகைய விடுதிகளில் முதலில் வேரூன்றியது பிரெஞ்சு மரபே. சகோதரர்களும் கன்னியரும் அதில் வளர்ந்தவர்கள். வயதுப்படி பிரிவு, மணியடித்தால் எழுவது, பலிபூசை, வரிசை, மௌனம், திரைக்குப் பின்னால் கண்காணிப்பாளர். 'வீடு' வந்து சேர்ந்தது அரசாங்கப் பள்ளிகளின் வழியாக. கோலகங்சாரில் 1905இல் திறக்கப்பட்ட மலாய்க் கல்லூரி 'கீழ்த்திசை ஈட்டன்' என்றே பெயர் பெற்றது. மலாய் அரச குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே ஆங்கில விடுதி வாழ்க்கையைக் கற்றனர். அதன் நான்கு வீடுகளும் கூட்டரசு மாநிலங்களின் நான்கு ஆட்சியாளர் பெயரால் இத்ரிஸ், சுலைமான், அகமது, முகமது ஷா என வழங்குகின்றன. பினாங்கு பிரீ ஸ்கூல், கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடம் முதலிய அரசாங்கப் பள்ளிகளிலும் வீடுகள் ஏற்பட்டன. 1920களிலும் 1930களிலும் இம்முறை மலாயாப் பள்ளிகளில் பரவியபொழுது, அதே பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பி, அதே பந்தாட்டக் கோப்பைக்குப் போட்டியிட்ட மிஷன் பள்ளிகளும் அதனைக் கைக்கொண்டன. ஆனால் அவர்கள் விடுதியைப் பிரித்து வீடுகளாகக் கட்டவில்லை. படுக்கைக் கூடம் பழையபடியே இருந்தது. விடுதிப் பிள்ளை, அன்றாடம் வந்துபோகும் பிள்ளை ஆகிய இரு சாராரையும் சேர்த்து நான்காகப் பிரித்தார்கள். பெயர் ஆர்னால்டின் வீடு. உள்ளிருந்தது சேசுசபையாரின் பாசறை. ரோமாபுரியும் கார்த்தேஜும் லத்தீனை விட்டுவிட்டுத் திடலில் ஓடின.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. வீட்டுக்குப் பிள்ளைகளைப் பிரிப்பது பெரும்பாலும் வகுப்பு இடாப்பின் வரிசைப்படி: முதலாமவன் சிவப்பு, இரண்டாமவன் நீலம், மூன்றாமவன் மஞ்சள், நான்காமவன் பச்சை, மறுபடியும் சிவப்பு. (1997 முதல் வெளிவந்த ஹாரி பாட்டர் கதைகளில் ஒரு தொப்பி பிள்ளையின் குணத்தை அறிந்து வீடு பிரிக்கிறது. மெய்யான பள்ளிகளில் தொப்பிக்கு அவ்வளவு ஞானம் கிடையாது. எண்ணிக்கை ஒன்றுதான் தெரியும்.) அந்தக் குருட்டு எண்ணிக்கையே அதன் சிறப்பு. அது சாதி கேட்பதில்லை, இனம் கேட்பதில்லை, கிராணி மகனா, பால்வெட்டுக்காரர் மகனா என்றும் கேட்பதில்லை. கயிறிழுக்கும் போட்டியில் தமிழனும் சீனனும் மலாய்க்காரனும் ஒரே கயிற்றைப் பிடித்தனர். விடுதிப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே சட்டை அணிந்தனர். லயன் வரிசை கொடுத்த விலாசத்தைத் தவிர வேறொரு விலாசம் அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அங்கேதான் எனலாம்.

எனினும் இந்தக் குருட்டு விதிக்கு ஒரு விலக்கும் பல பள்ளிகளில் உண்டு: அண்ணன் இருந்த வீட்டிலேயே தம்பியையும் சேர்ப்பது. தம்பியும் தங்கையும் எதிர்க்கூடாரத்தில் நின்று கூச்சலிட்டால் வீட்டில் சோறு இறங்காது என்பது ஒரு காரணம். அண்ணனுக்குச் சிறிதாகிப்போன சட்டை தம்பிக்கு ஆகும் என்பது தாய்மார் அறிந்த மற்றொரு காரணம். இப்படி நிறமும் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது. தகப்பனார் பச்சை, மகனும் பச்சை என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு.

பெயர் வைக்கும் வழக்கம்

வீட்டின் பெயரைப் பார்த்தால் பள்ளி யாரைத் தன் முன்னோராகக் கருதுகிறது என்பது தெரியும். பிரீ ஸ்கூல் தன் பழைய தலைமையாசிரியர்களான ஹார்கிரீவ்ஸ், பின்ஹார்ன் முதலியோரை நினைவு கொண்டது. விக்டோரியா கல்விக்கூடத்து வீடுகளில் ஒன்று தம்புசாமி. 1873இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை (1850-1902) அந்தப் பள்ளியின் தொடக்க காலப் போஷகர்களுள் ஒருவர். அம்மன் கோயில் கட்டியவரின் பெயரைத் தாங்கிச் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் ஓடுவது மலாயாவுக்கே உரிய காட்சி. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி, செல்வத்துரை என்று ஐந்து இல்லங்கள். அங்கிருந்தும் ஏனைய யாழ்ப்பாணப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் மலாயாவுக்கு வந்தவர் பலர். கத்தோலிக்கப் பள்ளிகள் புனிதர்களையும் மறைந்த சகோதரர்களையும் நாடின. தமிழ்ப்பள்ளிகளோ வள்ளுவர், கம்பர், இளங்கோ, பாரதி என்று புலவர்களை அழைத்து வந்துவிட்டன. விளையாட்டு விழாவன்று ஒலிபெருக்கியில் 'கம்பர் முதலிடம், வள்ளுவர் மூன்றாமிடம்' என்று அறிவிப்பதைக் கேட்கும் தமிழறிஞர்கள் கோபித்துக்கொள்ளவேண்டியதில்லை. அது தொடரோட்டத்தின் முடிவு மட்டுமே.

கூரை போன பின்

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் முழு உதவி பெறும் பள்ளிகளாயின. 1970 முதல் ஆங்கிலப் போதனை படிப்படியாக மலாய்க்கு மாறியது. வெளிநாட்டுச் சகோதரர்களும் கன்னியரும் குறைந்தனர். விடுதிக் கல்வி அரசாங்கத்தின் முழுநேர விடுதிப் பள்ளிகளுக்கும், 1972 முதல் தோன்றிய மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளுக்கும் உரியதாயிற்று. பழைய மிஷன் பள்ளிகளில் வீடு இருக்கிறது, கூரைதான் இல்லை.

மிஞ்சியது புள்ளிக் கணக்கு. ஆண்டுதோறும் நெட்டோட்டம், அதன்பின் திடற்போட்டிகள், அணிவகுப்பு, கூடார அலங்காரம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. வேகமாக ஓடும் பத்துப் பேர் வீட்டின் மானத்தைக் காப்பாற்றுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். இந்தக் குறையைச் சற்று ஈடு செய்வது 'சுக்கன்தாரா' என்னும் ஏற்பாடு. விளையாட்டு விழாவுக்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் முதலியவற்றில் கலந்துகொள்ளவேண்டும். இங்கே யாரையும் முந்தவேண்டியதில்லை. வயதுக்கு ஏற்ப வகுத்த நேரத்தையோ தூரத்தையோ எட்டினால் வீட்டுக்குப் புள்ளி. கூடுதலாக எட்டினால் கூடுதல் புள்ளி. எல்லாப் பிள்ளைகளின் புள்ளியும் ஒரே கணக்கில் சேரும். பருத்த பிள்ளையும் மெலிந்த பிள்ளையும் குண்டெறியும் வரிசையில் நின்று வீட்டுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பரிசு மேடையில் இதற்கு இடமில்லை. ஆனால் மொத்தக் கணக்கில் ஒரு வீடு முந்துவதும் பிந்துவதும் பல வேளை இதனால்தான். வீடு என்ற பெயருக்கு இன்றைய போட்டிகளில் ஓரளவேனும் பொருந்துவது இது ஒன்றே.

ஆனால் மூத்தவன் இளையவனுக்குப் பொறுப்பு என்னும் பழைய கட்டு இதில் இல்லை. விஞ்செஸ்டர் விதியில் அது இருந்தது. ரக்பியில் அது இருந்தது, கெட்டும் இருந்தது. விடுதியில் இரவும் பகலும் கூடி வாழ்ந்ததால் ஏற்பட்ட கட்டு அது. ஆண்டில் சில வாரங்கள் ஒரே நிறச் சட்டை அணிவதால் ஏற்படுவதில்லை. இல்லத் தலைவன் என்று ஒரு மாணவன் இருக்கிறான். கொடி பிடிப்பதும் அணிவகுப்பில் முன்னே நடப்பதும் அவன் வேலை. தன் வீட்டைச் சேர்ந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது அவனுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

இது தோட்டப் புறத்துப் பள்ளிகளுக்குச் சிறிய விஷயமன்று. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடும்பங்கள் பட்டண ஓரங்களுக்குப் பெயர்ந்த பின், பிள்ளை பள்ளியை விட்டு நழுவுவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு வாரத்தில் இரண்டு நாள். பிறகு பேருந்துக் கட்டணம், தம்பியைப் பார்த்துக்கொள்ளவேண்டிய வேலை, பின்தங்கிய பாடம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். மலேசியப் பள்ளிகளில் பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் காரணமின்றி வராவிட்டால் பெற்றோருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் போகும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. அதன்பின் பெயர் நீக்கம். கடிதம் மலாய் மொழியில் அச்சிட்டிருக்கும். பள்ளி முத்திரை இருக்கும். லாசால் வகுத்த பட்டியலிலோ அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தவன் அதே தெருப்பக்கம் குடியிருக்கும் ஒரு மாணவன். அவன் மாலையில் போய்க் கதவைத் தட்டுவான்; மறுநாள் காலையில் வந்து ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்வான்.